ஊர் அடங்கியபோது

1

ஊரடங்கு என்ற சொல்லை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஊர் அடங்குவது ஊரடங்கு. வடமாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு ஊர் எது, சேரி எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தேர் ஓடுகிற தெருக்கள் ஊர். நாங்கள் இருக்கிற இடத்துக்கு அரசாங்கம் காலனி என்று பேர் வைத்தது. ஊர்க்காரர்கள் அவர்கள் இஷ்டத்துக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள்.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு மொத்தமும் மூடப்படும் என்று அறிவித்தார். கொடுத்த அவகாசம் நாலு மணி நேரம். யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் அத்தை வழக்கம்போல எழுந்து வேலைக்குப் போனது. அத்தை ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அய்ந்தரைக்குள் மஸ்டர் போடவில்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பஸ் இல்லை என்பதால் நடந்தே போயிருக்கிறது. பைபாஸ் முக்கில் போலீஸ்காரர் நிறுத்தி, எங்கே கிளம்பிட்ட, கார்டு எங்கே என்று கேட்டிருக்கிறார். கார்டு ஏது? ஒப்பந்தக்காரர் கொடுத்தால்தானே. அத்தை கையிலிருந்த தென்னந்துடைப்பத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. சரி போ என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இந்த நாட்டில் ஒரே பேச்சுதான். எப்போது திறப்பது, எதைத் திறப்பது, இப்போதே திறக்கலாமா, இன்னும் பதினைந்து நாள் பொறுக்கலாமா? டாக்டர்கள் ஒன்று சொன்னார்கள், வியாபாரிகள் ஒன்று சொன்னார்கள், கோர்ட்டு ஒன்று சொன்னது. நானும் பேசினேன், எழுதினேன். ஒருநாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தை சொன்னது:

"எப்ப முடியும், எப்ப முடியும்னு டிவில பேசிக்கினே கீறாங்களே கண்ணு, எனக்கு அது எப்ப ஆரம்பிச்சுது? அத்த மொதல்ல சொல்லு."

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்தது.

2

2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு நோய்த் தடுப்பு விதிகளை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட சட்டம் 1897ஆம் ஆண்டுச் சட்டம். கொள்ளைநோய்ச் சட்டம் என்று பேர். பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் அவசரம் அவசரமாகப் போட்டது. அந்தச் சட்டம் பிறந்த இடத்துக்குப் போனால், தளர்த்துவதா வேண்டாமா என்ற சண்டையும் அங்கேதான் பிறந்திருக்கிறது.

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் இருப்பது தெரியவந்தது. அக்டோபர் 6ந் தேதி முனிசிபல் கமிஷனர் ஸ்நோ ஓர் உத்தரவு போட்டார். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், நோயாளியைப் பலவந்தமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், சாமான்களைக் கொளுத்தலாம். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்ப மாட்டார் என்று ஜனங்கள் பயந்தார்கள். எட்டு லட்சம் பேர் இருந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் 1897 தொடக்கத்துக்குள் வெளியேறிவிட்டார்கள். ஆள் நிற்காததால் ஆலை முதலாளிகள் அன்றன்றைக்குத் தினக்கூலி கொடுத்து ஆள் பிடித்தார்கள். அக்டோபர் 29ந் தேதி ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேர் அளவில் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். மறுநாள், 30ந் தேதி, கமிஷனர் உத்தரவைத் தளர்த்தினார்.

கலவரத்துக்குப் பயந்துதான் தளர்த்தினார் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவர் மனசில் வேறொரு பயமும் இருந்திருக்கிறது, அதை அவரே தன் அறிக்கையில் எழுதியும் வைத்திருக்கிறார். பம்பாயின் மலத்தை அள்ளியவர்கள் ஹலால்கோர்கள் என்று அழைக்கப்பட்ட தீண்டப்படாத மக்கள். பலர் குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களும் மூட்டை கட்டிவிட்டால் நகரமே ஒரு மலக்குவியலாகிவிடும் என்று கமிஷனர் பயந்தார். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பிளேக்கிலிருந்து நகரத்தைக் காப்பாற்றப் போட்ட உத்தரவு, மலம் அள்ளுகிறவர்களை விரட்டிவிடும் என்பதால் தளர்கிறது. தளர்வு அவர்களுக்காக வரவில்லை. அவர்கள் ஓடிவிடாமல் இருக்க வந்தது.

நம்முடைய வரலாற்றுப் புத்தகங்களில் இது கிடையாது. அதில் இருப்பது பூனா. 1897 பிப்ரவரி 4ல் சட்டம் வந்தது. பூனாவில் ராண்டு என்ற அதிகாரியின் கீழ் வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். திலகருக்கு ராஜத்துரோக வழக்கில் 18 மாதத் தண்டனை. பள்ளிக்கூடத்தில் இதை விடுதலைப் போராட்டப் பாடமாகப் படித்து நாமும் பரீட்சை எழுதியிருக்கிறோம். சிப்பாய்கள் செய்தது அட்டூழியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்ததை எவரும் எதிர்ப்பார்கள். ஆனால் அன்றைய புகார்களில் உரத்துக் கேட்ட இன்னொன்று சமையல்கட்டும் பூஜை அறையும் தீட்டுப்பட்டுவிட்டன என்பது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சாதியையும் ஒன்றாகப் போடுகிறார்கள் என்பது. சாதிக்கொரு தனி ஆஸ்பத்திரி கேட்டார்கள், பம்பாயில் கிடைத்தது. 1898க்குப் பிறகு அரசாங்கம் பலவந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. எவர் குரல் எட்டியதோ அவருடைய தீட்டுக்குத் தளர்வு கிடைத்தது.

அதே பூனாவுக்குப் பக்கத்தில் அதே ஆண்டு சாவித்திரிபாய் புலே, வளர்ப்பு மகன் யஷ்வந்தோடு சேர்ந்து பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். மகர் குடியிருப்பில் கிடந்த ஒரு பையனை முதுகில் சுமந்து கொண்டுவந்தார். நோய் தொற்றி 1897 மார்ச் 10ல் இறந்துபோனார். சோதனை போடலாமா கூடாதா என்று ஊர் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், சேரிக்குள் போய்த் தொட்டுத் தூக்க ஆள் வேண்டும் என்று தெரிந்திருந்தது அந்த அம்மாவுக்குத்தான்.

3

இனி நம் கதை. 2020 ஏப்ரலில் 21 நாள் முடிந்து ஊரடங்கு மே 3 வரை நீண்டது. ஏப்ரல் 20 முதல் சில வேலைகளைத் தொடங்கலாம் என்றது ஒன்றிய அரசு. தமிழ்நாடு அரசு தளர்வு கிடையாது என்றது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25ந் தேதி கடைத்தெருக்களில் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. எதையும் மூடப்போகிறோம் என்று சொன்னால் ஒருநாள் திருவிழாக் கூட்டம் கூடும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். 1996ல் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்கு மாறியபோது வாலிபனாகப் போனவர். ஊரடங்கிலும் சென்னைக்குக் காய்கறி வேண்டும் என்பதால் மார்க்கெட் நடந்தது, மாமாவும் தூக்கினார். பிறகு அங்கே தொற்று பரவியது. மே 5ல் மார்க்கெட்டை மூடினார்கள். கூலிக்காரர்கள் வந்த காய்கறி லாரிகளிலேயே ஏறி அவரவர் மாவட்டத்துக்குத் திரும்பினார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று எங்கும் கணக்கு ஏறியது. 'கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள்' என்று ஒரு புதுச் சாதி உண்டானது.

மாமா வந்து இறங்கியபோது எங்கள் காலனிக்குத் திரும்புகிற பாதையில் வேலிமுள் வெட்டிப் போட்டிருந்தது. போட்டவர்கள் ஊர்க்காரர்கள். காலனிக்காரன் எவனும் ஊருக்குள் வரக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். ஆனால் கறவை மாட்டுக்குப் புல் அறுக்கவும் நெல் அறுப்புக்கும் அதே வாரம் எங்கள் பெண்களைக் கூப்பிட்டார்கள். வயல் வேலைக்கு விதிவிலக்கு இருந்தது அல்லவா. முள்ளை ஓரமாக நகர்த்திவிட்டுப் போய் அறுத்துவிட்டு வந்தார்கள். சாயங்காலம் முள் மறுபடி பாதைக்கு வந்தது.

இந்தச் சமயத்தில் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் வேலை பார்க்கிறவன். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினோம். உழைக்கும் மக்களின் உயிரைப் பணயம் வைத்து எதையும் அவசரமாகத் திறக்கக்கூடாது, கோயம்பேட்டைத் திறக்கவே கூடாது என்று எழுதினோம். 'உழைக்கும் மக்களின் சார்பில்' என்று முடித்தோம். பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்திருந்த நாட்களை முடித்துக்கொண்டு வீடு வந்திருந்த மாமாவுக்கு அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

மாமா முழுசாகக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் எழுதிக்கீற மாப்ள. ஒண்ணாந்தேதி ஆனா உனுக்கு சம்பளம் பேங்குல வந்து உழுந்துடும். எனுக்கு மூட்ட ஏறுனாத்தான் காசு. இதுல எம்பேர எதுக்கு சேத்த?" என்றார்.

நான் நோயைப் பற்றி, பரவுகிற வேகத்தைப் பற்றி விளக்கினேன். அவர், "சாவு எனுக்குத் தெரியாதா? மார்க்கெட்ல பாத்துட்டுத்தான் வந்தேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அத்தை மாமா பக்கம் பேசவில்லை. "தெறந்தா குப்ப ரெண்டு மடங்கா வரும். எவன் எவன் மூஞ்சில கட்னதோ, எவன் தும்முனதோ, எல்லாத்தையும் நான்தான் பொறுக்கணும். குடுத்த கிளவுசு நாலே நாள்ல கிழிஞ்சிடுச்சி" என்றது.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சோறு பொங்குகிற இருவர். ஒருவருக்குத் திறந்தால்தான் வயிறு. இன்னொருவருக்குத் திறந்தால் கையிலே நோய். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். திறக்கச் சொன்னவர்களும் மூடச் சொன்னவர்களும் ஆளுக்கொரு பக்கம் எங்கள் வீட்டையே சாட்சிக்கு இழுத்தார்கள். 'அன்றாடங்காய்ச்சிகளுக்காகத் திறங்கள்', 'ஏழைகளின் உயிருக்காக மூடுங்கள்'. மாமாவுக்கு மூட்டைக்கூலியில் பாதியாவது வீடு தேடி வந்திருந்தால், அத்தைக்குக் கிழியாத கையுறையும் ஒரு நிரந்தர வேலை உத்தரவும் கிடைத்திருந்தால், அந்த வீட்டில் சண்டையே இருந்திருக்காது. அரிசி கார்டுக்கு அரசு கொடுத்தது ஆயிரம் ரூபாயும் ரேஷன் அரிசியும். எந்த நாள் திறப்பது என்று எல்லோரும் தேதியைப் பற்றிப் பேசினார்கள். அந்தத் தேதி வரைக்கும் என்ன தருவீர்கள் என்று கேட்டவர்கள் சத்தம் கூட்டத்தில் அமுங்கிப்போனது. எங்கள் அறிக்கையிலும் அது கடைசிப் பத்தியில் ஒரு வரிதான்.

அரசு மருத்துவ வல்லுநர் குழுவைக் கேட்டது. பொருளாதாரத்துக்கு ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு போட்டது. கோயம்பேடு வியாபாரிகள் அமைச்சர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் கிடைத்தது. மழை வந்தால் சேறு என்று முறையிட்டார்கள், செய்தி வந்தது. செப்டம்பர் 28ல் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் திறந்தது. ஏறக்குறைய அய்ந்து மாசம். அந்த அய்ந்து மாசத்தில் மூட்டை தூக்கினவன் என்ன சாப்பிட்டான் என்று எந்தக் குழு கேட்டது?

டாஸ்மாக் கதை எல்லோருக்கும் தெரியும். மே 7ல் சென்னை தவிர மற்ற இடங்களில் திறந்தார்கள். பக்கத்து மாநிலத்தில் திறந்துவிட்டார்கள், நம் ஆட்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எதிர்க்கட்சிகள் கறுப்புச் சட்டை போட்டு வீட்டு வாசலில் நின்றன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. 16ந் தேதி கடைகள் மறுபடி திறந்தன. மூடுவதும் திறப்பதுமாக ஒன்பது நாள் இவ்வளவு பேர் வாதாடினார்கள். மே 8 காலையில் கடை வாசலில் உடைந்து கிடந்த பாட்டில்களை ஆறு பெண்கள் பொறுக்கினார்கள், அதில் என் அத்தை ஒன்று. காலனிக்குள் முதன்முதலாக நுழைந்த தளர்வு குவார்ட்டர் பாட்டில். பஸ் அதற்குப் பிறகு வந்தது. பள்ளிக்கூடம் அதற்கும் பிறகு.

4

பள்ளிக்கூடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 15ல் நடத்தியே தீருவேன் என்றது அரசு. ஆசிரியர்களும் பெற்றோர்களும் நீதிமன்றம் போனார்கள். 9 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் உயிர் என்று வாதம் நடந்தது. ஜூன் 9ல் தேர்வு ரத்து. சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவ்வளவு வேகமாக நடந்த வாதம், பள்ளிக்கூடத்தைத் திறப்பதில் நடக்கவில்லை. 2020 நவம்பர் 9ல் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள், நவம்பர் 16ல் திறப்பதாக இருந்ததைத் தள்ளிவைத்தார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரைக்கும் 2021 நவம்பர் 1ல்தான் கதவு திறந்தது. பத்தொன்பது மாசம். சினிமாக் கொட்டகை 2020 நவம்பரிலேயே திறந்தாகிவிட்டது. 2021 சனவரியில் முழுக் கொட்டகையும் நிரப்பலாமா என்று ஒரு வாரம் சண்டை நடந்து அரசு பின்வாங்கியது.

ஊர்ப்பிள்ளைகளுக்குச் செல்போனில் வகுப்பு நடந்தது. எங்கள் தெருவில் மொத்தம் மூன்று போன், அதுவும் வேலைக்குப் போகிற அப்பன்மார் பாக்கெட்டில். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பிலிருந்து சென்டரிங் வேலைக்குப் போனான். பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் கையில் நானூறு ரூபாய் கூலி புழங்கியது. திரும்பப் போகவில்லை. அவனுக்குப் போட்ட ஊரடங்கு இன்னும் நீங்கவில்லை என்றுதான் கணக்கில் எழுதவேண்டும்.

இங்கே நான் முரண்படுவதாக நினைக்கலாம். மே மாசத்தில் திறக்காதே என்று எழுதியவன், இப்போது ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறேன். முரண்தான். 2020 மேயில் எனக்குப் பயம் இருந்தது, சம்பளமும் இருந்தது. அந்தப் பிள்ளையின் தெருவில் பிறந்து வளர்ந்த நான், பள்ளிக்கூடத்தைப் பற்றி அந்த ஒன்றரை ஆண்டில் ஓர் அறிக்கைகூட எழுதவில்லை. அந்தக் குற்றத்தை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

5

'சமூக இடைவெளி' என்று நாளெல்லாம் சொன்னார்கள். போன் பண்ணினால் அதே குரல். 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, உடல் அளவில் விலகியிருங்கள் போதும் என்று மாற்றிக்கொண்டது. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் உறவறுந்து போகக்கூடாது என்பதற்காக. இங்கே மாசக்கணக்கில் சமூக இடைவெளிதான். அந்தச் சொல் சாதிச் சமூகத்தின் வாய்க்கு எத்தனை ருசியாக இருந்தது பாருங்கள்.

கூட்டுகிற தெருவில் ஒரு வீட்டில் தண்ணி கேட்டால் பழைய பாட்டிலில் ஊற்றி மதில்மேல் வைத்துவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போயிடு என்பார்களாம். வருத்தமா இல்லையா அத்தே என்று கேட்டேன். சிரித்தது. "முன்னாடி மேல இருந்து கையில ஊத்துவாங்க. இப்ப பாட்டிலே கெடைக்குது. கொரோனாவால வந்த லாபம் கண்ணு அது" என்றது.

அதே 2020ல்தான் துப்புரவுப் பணியாளர் என்ற பேரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. மாலை போட்டார்கள், காலில் பூத் தூவினார்கள். 2021 மே மாசத்து இரண்டாம் அலையில் அத்தையோடு ஒரே வண்டி தள்ளிய பெண் செத்துப்போனது. தேர்தல் முடிந்த கையோடு வந்த அலை அது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு வரைக்கும் எல்லாக் கட்சிகளும் கூட்டம் கூட்டினார்கள், கூட்டத்துக்குத் தளர்வு கேட்கவே தேவைப்படவில்லை. கூட்டம் கலைந்த இடத்துக் குப்பையை அள்ளியவர்களில் அந்தப் பெண்ணும் உண்டு. 2020 மார்ச் 26ல் நிதியமைச்சர் அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீட்டைக் கேட்டு அதன் மகன் மனு எழுதினான், நான்தான் எழுதிக் கொடுத்தேன். அது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு, தெருக் கூட்டுகிறவர்களுக்கு இல்லை என்றார்கள். ஒப்பந்தக்காரரின் மஸ்டரில் அந்த மாசம் அந்தப் பேரே இல்லை.

6

2023 மே 5ல் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடிநிலை முடிந்தது என்று அறிவித்தது. ஊருக்கு முடிந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கொரோனாக் காலத்தில் தெருத்தெருவாகக் கிருமிநாசினி அடித்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். 13ந் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்றைக்குத்தான் பம்பாய்க் கமிஷனரின் பயம் எனக்கு நினைவுக்கு வந்தது. 1896ல் ஹலால்கோர்கள் போய்விடுவார்களோ என்று அரசாங்கம் நடுங்கி உத்தரவைத் தளர்த்தியது. 129 வருஷம் கழித்து, போக மாட்டோம், இருக்கிற வேலையைக் கொடு என்று கெஞ்சுகிறவர்களை அப்புறப்படுத்த அதற்கு எந்த நடுக்கமும் இல்லை. ஒப்பந்தமுறை என்பது அந்த நடுக்கத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து. ஒருவர் போனால் பத்துப்பேர் வாசலில் நிற்பார்கள்.

அத்தை கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். உனக்கு ஊரடங்கு தொடங்கவே இல்லை அத்தே, ஏனென்றால் உன்னை ஊரில் சேர்க்கவே இல்லை. மாமாவுக்குத் தொடங்கிய நாளை அரசு குறித்து வைத்தது, அவருக்குச் சோறு போட வேண்டிய நாளைக் குறிக்கவில்லை.

அடுத்த தொற்று வரத்தான் செய்யும். அப்போதும் குழு போடுவார்கள். அந்தக் குழுவில் கூட்டுகிறவர்களுக்கும் தூக்குகிறவர்களுக்கும் அவர்களே தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார வேண்டும் என்று இப்போதே கேட்டு வைக்க வேண்டும். மூடுகிற ஒவ்வொரு நாளுக்கும் கூலி என்று சட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். நோய் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது, அப்போது எல்லோருக்கும் அவரவர் பயம்.

மாமா மறுபடி கோயம்பேட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், இப்போது முன்போலத் தூக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டினேன். "இந்தவாட்டி எம்பேர எங்க போட்டுக்கீற?" என்று கேட்டார். பேரைப் போடவில்லை, நீங்க சொன்னதைப் போட்டிருக்கேன் என்றேன். சரி இருக்கட்டும் என்றார்.